நான்காவது பள்ளம்

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
எனக்கு வேறு கவலை.
என் விண்மீன் நான்காம் முறை மங்கியதா,
இன்றிரவு தெரிந்துவிடும்.

மங்கியது என்னவோ எண்ணூறு வருடம் முன்பு.
தொலைநோக்கி அதைப் பார்த்தது போன செவ்வாய்க்கிழமை.
கோப்பு வருவது இன்று ஒன்பதரைக்கு மேல்.

அதற்குப் பெயர் கிடையாது.
நீளமான ஓர் எண், கடைசி நான்கு இலக்கம் 4417.
பதினொரு நாளுக்கு ஒருமுறை
அதன் வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை
யாரோ எடுக்கிறார்கள்,
மூன்று மணி நேரம் கழித்து
எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள்.

கோள் ஒன்று குறுக்கே போகிறது என்று நினைக்கிறேன்,
என்று புனேயில் இருக்கும் ரேவந்துக்கு எழுதி,
அனுப்புமுன்
'என்று நினைக்கிறேன்' என்பதை அழித்தேன்.

இரண்டாவது பள்ளம் மட்டும் ஆழம் குறைவுதான்.
இரைச்சல் என்று தள்ளினேன்.
கருவி லேசாக ஆடியிருக்கும்,
சூரியன் தும்மியிருக்கும்.
ஆசைக்குக் காரணம் தேட
முனைவர் பட்டம் நன்றாகவே உதவுகிறது.

ஒன்பதே முக்காலுக்கு முதுநகர் முழுக்கக் கரண்ட் போனது.
கோப்பு அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது.
பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தடங்கலில்லாமல் வந்தது
எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் மாட்டிக்கொண்டது.

அங்கே மேகம் இல்லை, காற்று இல்லை.
சூரியனுக்கு முதுகைக் காட்டி
விரித்த குடையின் நிழலில்
குளிர்ந்து, கண் கொட்டாமல் கிடக்கிறது அது.
என் குடை
மீன் இறங்குதளம் தாண்டுவதற்குள் மடங்கிப் போயிற்று.
லேப்டாப்பை அரிசிப் பையில் சுற்றி
வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.

வெளிச்சம் இருந்தது ஐஸ் ஃபேக்டரியில் மட்டும்.
படகெல்லாம் உப்பனாற்றில் கட்டிக்கிடக்க
வாங்க ஆளில்லாத ஐஸ் உருகாமல் இருக்க
ஜெனரேட்டர் ஓடியது.
கணக்கெழுதும் அஞ்சலாட்சி நிமிர்ந்தாள்.
"எந்த ஆபீஸ் வேலம்மா இது, இந்நேரத்துக்கு?"
"நட்சத்திரம் பாக்குறது."
"இந்த மழையிலயா?"
கேட்டபடியே
டேபிள் ஃபேன் பிளக்கைப் பிடுங்கி எனக்கு இடம் தந்தாள்.

போன் சிக்னல் ஒரு கோடு.
எழுபது. எழுபத்தொன்று.
தரையெல்லாம் ஐஸ் தண்ணீர்,
செருப்புக்குள் கால் மரத்துவிட்டது.
தொண்ணூற்று எட்டில் ஒரு யுகம்.

வரைபடம் திறந்தது.
பள்ளம் இருந்தது, சொன்ன நேரத்துக்கு, நிமிடம் பிசகாமல்.
ஆழம் மட்டும் குறைவு.
இரண்டாவதைப் போலவே, அதே அளவு குறைவு.

ஒன்றும் மூன்றும் ஒரு ஜோடி.
இரண்டும் நான்கும் ஒரு ஜோடி.
அப்படியென்றால் சுற்று பதினொரு நாளே இல்லை,
இருபத்திரண்டு.
என் விண்மீனின் கண்கூச்சத்துக்குப் பின்னால்
மங்கலான வேறு இரண்டு சூரியன்கள்
ஒன்றையொன்று மாறி மாறி மறைத்துக்கொண்டிருக்கின்றன.

சோணாங்குப்பத்துக் கரையில் நின்று
எத்தனை இரவு பார்த்திருக்கிறேன்,
தூரத்தில் ஒற்றை விளக்கு
கிட்ட வர வர இரண்டு படகாவதை.
அப்போதெல்லாம் ஏமாந்ததாகத் தோன்றியதே இல்லை.

கோள் என்றால் செய்தி.
இரட்டை என்றால் பட்டியலில் ஒரு வரி,
குறிப்பு என்ற கட்டத்தில்: தவறான அறிகுறி.
யாருடைய தவறு?
அவை பாட்டுக்குச் சுற்றுகின்றன.

யாருக்கும் சொல்லாமல் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன்.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

"மாட்டலையா?" என்றாள் அஞ்சலாட்சி.
என் முகம் மீன் படாத முகமாக இருந்திருக்கும்.
"ரெண்டு சூரியன் மாட்டுச்சு."
"அத வச்சிக்கினு என்னா பண்றது?"

பதில் தெரியவில்லை.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
நான்கு பள்ளத்தையும் விரலால் தொட்டு எண்ணினாள்,
திரையில் ஈரம் ஒட்டியது.
இரண்டாவதில் விரல் நின்றது.
"இது அப்பவே கம்மியாத்தான இருந்திருக்கு?"

ஆமாம் என்றேன்.

டீசல் நோட்டைப் பிரித்துத்
தேதி போட்டு, முக்கால் மணி நேரம் என்று எழுதி,
எதற்கு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து
'நட்சத்திரம்' என்று எழுதினாள்.
தொகைக்கு ஒரு கோடு கிழித்துவிட்டு
ஃபேனை மறுபடி மாட்டினாள்.